விட்டுப் பிடிக்கும் இழை

'விட்டுப் பிடித்தல்' என்னும் தொடரை நாம் அன்றாடம் வழங்கி வருகிறோம். அடம்பிடிக்கும் மாணவனைத் திருத்த முயலும் ஆசிரியர் அதனைச் சொல்கிறார். பகைத்து நிற்கும் இரு குடும்பங்களை இணக்க முயலும் ஊர்ப்பெரியவரும் அதனையே சொல்கிறார். அத்தொடரின் முழுப்பொருளும் விளங்கும் இடம் ஒன்று உண்டென்றால், அது தூண்டிற்காரனின் கையேயாகும். வலிய மீனொன்று இரையை விழுங்கி ஓடத் தொடங்கும்போது, கயிற்றை இறுகப் பற்றுகிறவன் மீனையும் இழக்கிறான், தூண்டிலையும் இழக்கிறான். வேண்டிய மட்டும் விட்டு, வேண்டிய வேளையில் இழுப்பவனே கரை சேர்க்கிறான். ஆனால் கைத்திறன் எவ்வளவு சிறந்ததாயினும், தூண்டில் முள்ளுக்கு அடுத்துள்ள ஒரு சிறு துண்டு இழை பிழையாகத் தெரிந்தெடுக்கப்பட்டிருந்தால் அத்திறன் முழுதும் வீணே. அச்சிறு துண்டினைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

ஆங்கிலத்திலே இதற்கு லீடர் என்று பெயர்; கம்பியால் ஆனதை ட்ரேஸ் என்றும் கூறுவர். நாம் இங்கே முன்னிழை என்றழைப்போம். கையிலிருந்து நீருக்குள் இறங்கும் நெடுங்கயிற்றின் நுனியிலே, அதனினும் வேறான தன்மையுடைய இழையொன்றைக் கட்டி, அதன் முனையிலே முள்ளைப் பொருத்துகிறார்கள். மீனின் பல்லும், உதடும், செவுளும், செதிலும், கடலடிப் பாரும் உரசுவது இந்த இழையோடுதான். நெடுங்கயிறு இழுப்பைத் தாங்கினாற் போதும். முன்னிழையோ இழுப்போடு கடியையும் உராய்வையும் தாங்கவேண்டும். அதே வேளையில், இரையை நோக்கி வரும் மீனின் கண்ணுக்கு அது உறுத்தாமலும் இருக்கவேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளுக்கும் இடையே நடுநிலை காண்பதே முன்னிழை தெரியும் கலை.

வலிய மீனுக்கு வலிய இழை என்று சொல்லிவிட்டால் முடிந்தது, இதிலே கலை எங்கிருந்து வந்தது என்று வாசகர் வினவலாம். அந்த எண்ணத்தை மறுப்பதே என் நோக்கம். எங்கும் வலிமை என்பது தூண்டிற்காரனின் நெறியன்று. எங்கே வலிமை வேண்டும், எங்கே நெகிழ்ச்சி வேண்டும், எந்த இடம் முதலில் அறவேண்டும், எந்த உயிரைப் பிடிக்கவேண்டும், எதனைப் போகவிடவேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து, அத்தீர்மானத்தை ஒரு முழ இழையிலே கட்டிவைப்பதுதான் அவனது கல்வி. அக்கல்வி நம் கரைகளில் எழுதப்படாமலே வாழ்ந்து வந்தது. இன்று எழுதப்படாமலே மறைந்துவிடும் நிலையில் இருக்கிறது.

ஆனையிறவை நினைத்துக்கொண்டு இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. வன்னிப் பெருநிலத்திலிருந்து குடாநாட்டுக்கு யானைகள் ஆழமற்ற நீரைக் கடந்து கொண்டுசெல்லப்பட்ட துறை ஆதலின் அவ்விடம் அப்பெயர் பெற்றது. அங்கு வீதியிலே நிற்பவனுக்கு இருபுறமும் நீர் தெரியும். மேற்கே யாழ்ப்பாணக் கடனீரேரி. கிழக்கே சுண்டிக்குளம் வரை நீளும் நீர்ப்பரப்பு. கனகராயன் ஆறு கிழக்கு நீரிலே கலக்கிறது. அதன் கீழ்க்கோடியிலே மணற்றிட்டொன்று நீரேரியையும் ஆழ்கடலையும் பிரித்து நிற்க, மாரி வெள்ளம் பெருகும்போது அது உடைத்துக்கொள்கிறது. ஆக, இறாலும் நண்டும் சிறுமீனும் வளரும் ஆழமற்ற நீரும், அறக்குளாவும் பாரையும் சுறாவும் உலவும் திறந்த கடலும் சில கல் தொலைவுக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு நீருக்கு ஏற்ற தூண்டில் மற்றதற்கு ஏலாது. முன்னிழையின் பாடத்தைக் கற்பிப்பதற்கு இதனினும் பொருத்தமான வகுப்பறை வேறில்லை எனலாம்.

முதலில் மீனை அறிதல் வேண்டும். சீலாவும் அறக்குளாவும் பல்லால் அறுப்பவை. தமிழகத்தார் வஞ்சிரம் என்றும் நெய்மீன் என்றும் போற்றும் அறக்குளாவின் பற்கள் கத்தரிக்கோல் போலச் சேர்வன. எவ்வளவு தடித்த நைலோன் இழையையும் நொடியில் துண்டாக்க வல்லன. அவற்றுக்கு உருக்குக் கம்பியே தக்க முன்னிழை. ஆயினும் கம்பி நீண்டால் மீன் கண்டு ஒதுங்கும். ஆதலின் ஒன்று இரண்டு சாண் அளவே போதுமானது. பாரையின் வலிமை வேறு வகையானது. அதற்கு அறுக்கும் பல் இல்லை. பிடிபட்டவுடன் பாரை நோக்கித் தலைகீழாகப் பாய்ந்து, கல்லிலே இழையைத் தேய்த்து அறுத்துக்கொள்ளும். கலவாயும் அவ்வாறே, பொந்துக்குள் புகுந்து செவுளை விரித்துக்கொண்டால் பின்னர் அசைக்க இயலாது. இவற்றுக்குக் கம்பி வேண்டுவதில்லை. உராய்வைத் தாங்கும் தடித்த நைலோன் ஒரு பாகம், இரண்டு பாகம், அதாவது விரித்த கைகளின் அளவோ அதன் இருமடங்கோ வேண்டும்.

கடனீரேரியிலும் கழிமுகத்திலும் கிடைக்கும் கொடுவாவுக்கோ கூரிய பல் கிடையாது. அதன் வாயின் உட்புறம் அரம்போற் சொரசொரப்பானது. செவுள்மூடியின் விளிம்பு கத்தி போன்றது. நீரைக் கிழித்து மேலே துள்ளித் தலையை உதறும்போது அவ்விளிம்பு மெல்லிய இழையை வெட்டிவிடும். சூரைக்குக் கண் கூர்மை. தடித்த இழையைக் கண்டால் இரையைத் தொடாது. சுறாவுக்குப் பல் மட்டுமன்றித் தோலும் ஆயுதம். அதன் தோல் அரத்தாள் போன்றது. உடலைச் சுற்றிக்கொண்டு புரளும்போதும் வாலால் அடிக்கும்போதும் முன்னிழைக்கு அப்பாலுள்ள கயிற்றையும் தேய்த்துவிடும். ஆகவே சுறாவை வேண்டுவோர் அதன் உடலினும் நீண்ட கம்பியை இடுவர். வலிமை என்னும் ஒரு சொல்லுக்குள் பல்லும், தோலும், செவுளும், ஓட்டமும், கண்ணும் எத்தனை வெவ்வேறு பொருள்களாக விரிகின்றன, பார்த்தீர்களா!

அடுத்து, பொருளை அறிதல். பருத்தி நூலும் சணலும் கயிறாக இருந்த காலத்தில், பனிச்சங்காய்ச் சாற்றில் அவற்றைத் தோய்த்து உப்பு நீரின் அழிவிலிருந்து காத்தனர். மேனாட்டிலே பட்டுப்புழுவின் உடலிலிருந்து இழுத்தெடுத்த நரம்பே நீண்ட காலம் முன்னிழையாக வழங்கியது. 1935-இல் அமெரிக்காவின் டூபொன்ட் ஆய்வுகூடத்தில் வலஸ் கரோதர்ஸ் நைலோனை ஆக்கியபின் இந்நிலை அடியோடு மாறிற்று. நம் கடைகளில் தங்கூசி என்று கேட்டு வாங்கப்படும் ஒற்றையிழை நைலோன் அதன் வழிவந்ததே. அது நீளும், மீளும். மீனின் திடீர் உதறலைத் தன் நெகிழ்ச்சியால் ஏற்றுக்கொள்ளும். ஆனால் நீரை உறிஞ்சுவதால் நனைந்தபின் தன் வலிமையில் ஒரு பகுதியை இழக்கும். வெயிலில் நெடுநாள் கிடந்தால் நைந்துபோகும்.

1971-இல் ஜப்பானின் குரேஹா நிறுவனம் ஃப்ளோரோகார்பன் என்னும் இழையை முன்னிழைக்கென்றே ஆக்கியது. ஒளி முறியும் அளவு நீருக்கு 1.33, இவ்விழைக்கு 1.42, நைலோனுக்கு ஏறத்தாழ 1.53. நீரின் அளவுக்கு எத்துணை நெருங்குகிறதோ அத்துணை கண்ணுக்கு மறையும். மேலும் அது நைலோனைவிட அடர்த்தி மிக்கது, விரைவில் அமிழும், நீரை உறிஞ்சாது, உராய்வையும் நன்கு தாங்கும். ஆனால் விலை அதிகம். ஆசிரியர்கள் இங்கே ஒரு கணக்கையும் மாணவருக்குக் காட்டலாம். ஒரே பொருளாலான இழையின் விட்டம் இருமடங்கானால் வலிமை நான்கு மடங்காகும். வலிமை குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது என்பதனால். ஒளிமுறிவும் பரப்பளவும் பரீட்சைக்கு மட்டும் உரியன என்று எண்ணும் பிள்ளைக்கு, அவை தந்தையின் தூண்டிற் பெட்டிக்குள்ளும் கிடக்கின்றன என்று சொன்னால் பாடம் இனிக்காதோ?

மூன்றாவது, கட்டுதல். முடிச்சில்லாத இழைக்கு உள்ள வலிமை முடிச்சிட்ட இழைக்கு இல்லை. முடிச்சே அறும் இடம். இறுக்குமுன் எச்சிலாலோ நீராலோ நனைத்தல் வேண்டும். உலர்ந்த நைலோன் தன்மீதே உராய்ந்து சூடேறி, வெளிக்குத் தெரியாமல் நலிந்துவிடும். மெல்ல, ஒரே சீராக இறுக்கவேண்டும். மிகத் தடித்த இழையிலே முடிச்சு இறுகாது. அதற்கு இழையை மடித்து, சிறு உலோகக் குழலினுள் செலுத்தி நசுக்கிப் பொருத்துவர். குழலின் ஓரத்தையே நசுக்கினால் அவ்வோரம் இழையை வெட்டும். நடுப்பகுதியை நசுக்கி ஓரத்தைச் சற்று அகல விடுதலே முறை. ஒற்றைக் கம்பியை முள்ளிலே கட்டும்போது இரு முனைகளும் ஒன்றையொன்று சமமாகத் தழுவிச் செல்லுமாறு முறுக்கி, பின்னரே நெருங்கிய சுற்றுகளால் முடிக்கவேண்டும். ஒன்று நேரே நிற்க மற்றது மட்டும் அதனைச் சுற்றினால், இழுப்பு வந்தவுடன் வழுவிவிடும். ஒருமுறை மடிந்து முறிவடையாளம் விழுந்த கம்பியை நேராக்கி மீண்டும் பயன்படுத்துதல் கூடாது. அடுத்த மீனுக்கு அது அவ்விடத்திலேயே ஒடியும். முன்னிழைக்கும் நெடுங்கயிற்றுக்கும் நடுவே சுழலும் வளையமொன்று இருந்தால் மீன் உருளும்போது கயிறு முறுக்கேறாது. ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் இழையை விரலிடுக்கில் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறலை விரல்நுனி சொல்லும்.

நான்காவது முறைமை, அறுபடும் இடத்தைத் தீர்மானித்தல். எந்தத் தொடரும் எங்கோ ஓரிடத்தில் அறத்தான் செய்யும். முள் பாரிலே மாட்டிக்கொண்டால் எங்கே அறுவது நலம்? படகின் அருகே கயிறு அறுந்தால் நூறு பாக நீளம் கடலுக்குள் கிடக்கும். நைலோன் மக்கிப்போவதன்று, ஆமையையும் பறவையையும் சுற்றிக் கொல்லும். சுண்டிக்குளம் 1938-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் என்பதை நினைவிற் கொண்டால், கைவிடப்பட்ட ஒரு முழ இழையும் சிறு குற்றமன்று என்பது விளங்கும். ஆகவே அறிவுள்ள தூண்டிற்காரன் முள்ளுக்கு அருகிலுள்ள முடிச்சையே தொடரின் மெலிந்த இடமாக வைக்கிறான். அற்றால் முள் மட்டும் போகும். மீன் நெடுங்கயிற்றை இழுத்துக்கொண்டு திரியாது. வலிமையைத் தேடுவோர் பலர். மெலிவை வேண்டிய இடத்தில் வைக்கத் தெரிந்தோர் சிலரே.

ஹெமிங்வே 1952-இல் வெளியிட்ட 'கிழவனும் கடலும்' என்னும் கதையைப் படித்தோர் இதனை எளிதில் உணர்வர். பெருமீன் இழுக்கும்போது அக்கிழவன் கயிற்றைப் படகிலே கட்டிவிடவில்லை. கட்டினால் மீன் அறுத்துக்கொண்டு போய்விடும் என்பதை அவன் அறிவான். தன் முதுகையும் கைகளையுமே நெகிழும் கட்டுத்தறியாக்கி நிற்கிறான். உலகம் அக்கதையை மனித உறுதியின் காவியம் என்று போற்றியது. அது நெகிழ்ச்சியின் காவியமுங்கூட.

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். முன்னிழை பிடிப்பதற்கு மட்டுமன்று, விடுவதற்கும் உரியது. ஆயிரங்கால் தூண்டில் என வழங்கும் நெடுந்தொடர்களில் உருக்குக் கம்பியை இட்டால், சூரைக்கென வைத்த இரையை விழுங்கிய சுறாவும் தப்பாது. நைலோனை இட்டால், சுறா கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும். 2008-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்று, நைலோன் முன்னிழையிலே சுறா குறைவாகவும் பெருங்கண் சூரை மிகுதியாகவும் அகப்பட்டன என்று காட்டியது. சூரையின் கூரிய கண் கம்பியைக் கண்டு ஒதுங்கியது போலும். மேற்கு, நடுப் பசிபிக்கின் மீன்வள ஆணையம், வடக்கே 20 பாகைக்கும் தெற்கே 20 பாகைக்கும் இடைப்பட்ட கடலில் சூரைத் தூண்டில்களுக்குக் கம்பி முன்னிழையை 2024 ஜனவரி முதல் தடுத்தது. ஒரு முழக் கம்பியின் மீது பல நாடுகள் கூடி விதி செய்தன என்பது வியப்பன்றோ!

சுறாவை ஏன் விடவேண்டும்? அது ஏழையின் வலையில் விழுந்த செல்வம் அல்லவா? இவ்வினாவை அலட்சியமாகத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. கருவாட்டுக்கும் கறிக்கும் சுறாவை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் நம் கரையில் உண்டு. அறுந்துபோகும் ஒவ்வொரு முள்ளும் அவர்களுக்கு இழப்பே. ஆயினும் சுறா மற்ற மீன்களைப் போல இலட்சக்கணக்கில் முட்டையிடுவதில்லை. நெடுவாற் கசைச்சுறா ஓரீற்றில் இரண்டு முதல் நான்கு குட்டிகளே ஈனும். பருவமடையப் பல்லாண்டு செல்லும். அதனைப் பிடித்தல் வட்டியைச் செலவிடுதலன்று, முதலையே செலவிடுதல். அச்சுறாவைப் பிடிப்பதை இலங்கை 2012-இலேயே சட்டத்தால் தடுத்துவிட்டது. கொடுவாவின் செய்தியும் இதற்கு ஒத்ததே. அது ஆணாக வாழ்க்கையைத் தொடங்கி, வளர்ந்தபின் பெண்ணாக மாறுவது. ஆகவே மிகப் பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் தாயே. எது போகவேண்டும் என்பதை அறியாதவன் எதைப் பிடித்தும் நிலைக்கமாட்டான்.

தூண்டில் சிறுதொழில், வலையே பெருந்தொழில் என்று இகழ்வோர்க்கும் இங்கே விடை உண்டு. கடலடியை வழித்துச் செல்லும் இழுவைமடி தெரிந்தெடுப்பதில்லை. குஞ்சும் தாயும் பாசியும் சேற்றோடு வருகின்றன. இலங்கை 2017-இல் திருத்தச் சட்டத்தின் மூலம் அதனைத் தடுத்தது. எனினும் வடகடலிலே பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வரும் இழுவைப் படகுகளால் நம் கடற்றொழிலாளரின் வலைகள் கிழிபடுவது ஓயவில்லை. அங்கே அவற்றைச் செலுத்துவோரும் தமிழ் பேசும் உழைப்பாளிகளே என்பது இத்துயரை இன்னும் கனமாக்குகிறது. தங்கூசியையே எடுத்துக்கொள்வோம். வலையாக அதனை முடைந்தால் இந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. முன்னிழையாகக் கட்டினால் தடையில்லை. பொருள் ஒன்றே. ஒன்று கண்ணிற் படாமல் எல்லாவற்றையும் கொல்வது. மற்றது ஒரு மீனை எண்ணி, அதன் வாயையும் பல்லையும் அறிந்து, அதற்கென்றே இடப்படுவது. குற்றம் இழையிலன்று, தெரிந்தெடுக்காத கையிலே இருக்கிறது.

இலக்கிய அன்பர்களுக்கு ஒரு சொல். குறுந்தொகையின் 269-ஆம் பாட்டிலே நெய்தல் நிலத்துப் பெண் தன் வீட்டு நிலையைச் சொல்கிறாள். வலிய சுறா தாக்கிய புண் ஆறியபின் தந்தை மீண்டும் கடலுக்குப் போயிருக்கிறான்; உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிவரத் தாய் உப்பளத்துக்குப் போயிருக்கிறாள். உப்பும் சுறாவும் ஒரே குடிலில் சந்திக்கும் அப்பாட்டு ஆனையிறவுக்கென்றே பாடப்பட்டதோ என்று ஐயுறத் தோன்றும். நாம் அப்பாட்டுக்கு உரை எழுதினோம், உள்ளுறை கண்டோம், இறைச்சி ஆய்ந்தோம். அத்தந்தை எந்தக் கயிற்றோடு கடலுக்குப் போனான், எந்த முடிச்சை நம்பிப் போனான் என்று கேட்டோமா? கடற்கரையின் கருவிகளை அறியாமல் நெய்தலைக் கற்பித்தல், மண்வெட்டியைக் காணாமல் மருதத்தைக் கற்பித்தலை ஒக்கும்.

இக்கேள்விக்கு இன்று அவசரம் உண்டு. ஆனையிறவு 1991-இலும் 2000-இலும் 2009-இலும் போர்க்களமாயிற்று. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை வாரிச் சென்றது. 2009-இல் வன்னிக் கரையே மக்களின் இறுதிப் புகலிடமாகவும் புதைகுழியாகவும் முடிந்தது. கடலைத் தந்தையிடம் கற்கவேண்டிய வயதைப் பல பிள்ளைகள் முகாம்களிலே கழித்தனர். உப்பளம் மீண்டும் வெண்மை பூத்துவிட்டது. 2025 மார்ச்சில் அங்கே புதிய உப்புத் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது. பாலத்தையும் வீதியையும் பணம் மீட்டுத் தரும். விரல்நுனியின் அறிவை எந்தப் பணமும் மீட்டுத் தராது. அது ஒரு கையிலிருந்து மறுகைக்கு நேரே செல்லவேண்டியது.

ஆதலின் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் கரையோரப் பாடசாலை ஒவ்வொன்றிலும் ஒரு பலகை வையுங்கள். ஊரிலே வழங்கும் முன்னிழைகளை, முடிச்சுகளை, முட்களை அதிலே கட்டிவைத்து, ஒவ்வொன்றின் கீழும் அவ்வூர்க் கடற்றொழிலாளர் அதற்கு வழங்கும் பெயரையும், அது எந்த மீனுக்கு உரியது என்பதையும் மாணவரைக் கொண்டே எழுதச் செய்யுங்கள். முதியவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து ஆசிரியரின் நாற்காலியில் அமர்த்துங்கள். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. சென்ற நூற்றாண்டின் இருபதுகளில் ஜேம்ஸ் ஹோர்னெல் என்னும் ஆங்கிலேயர் சென்னை மாகாணத்து மீன்பிடி முறைகளைத் தேடி எழுதிவைத்தார். அந்நியர் ஒருவர் செய்ததை நம் பிள்ளைகள் தம் தந்தையர்க்காகச் செய்யலாகாதா? அவ்வாறு திரளும் சொற்களை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறையும் கடற்றொழில் விஞ்ஞானத்துறையும் ஒன்றாக அமர்ந்து தொகுக்குமாயின், அது அகராதிக்கும் ஆக்கம், கடலுக்கும் ஆக்கம்.

ஒரு தலைமுறையிடம் நெடுங்கயிறு போன்ற அனுபவம் இருக்கிறது. அடுத்த தலைமுறையிடம் கூரிய முள் போன்ற ஆர்வம் இருக்கிறது. நடுவே கட்டவேண்டிய துண்டு சிறியதே. அதனை நனைத்து, மெல்ல, சீராக இறுக்கிக் கட்டுதல் ஆசிரியர்களின் கையில் இருக்கிறது.